கொறங்காட்டுக்குக் காற்று போட்ட உரம்

1

போன செப்டம்பரோடு நான் நெதர்லாந்துக்கு வந்து பதினான்கு வருடம் முடிந்தது. கணவர் ஜோசப் ஞாபகம் வைத்து ஒரு கேக் வாங்கி வந்தார். வதிவிட அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லிக் குடியேற்றத் துறைக் கடிதமும் அதே நாளில் வந்தது. கேக் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. ஒரு வாரமாக எதிலும் மனம் நிற்கவில்லை. சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

காரணம் இரண்டு. முதலாவது, என் மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஒரு கேள்வி.

ஏஞ்சலுக்குப் பதினைந்து வயது. காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டே போவதைப் பற்றி வகுப்பில் ஆளுக்கொரு பேச்சு பேசச் சொன்னார்களாம். இங்கே பிள்ளைகள் அதைப் பற்றியே பேசி, அதைப் பற்றியே கவலைப்பட்டு, அதற்காகவே அட்டை பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். அவள் என் வேலையிடத்துப் படம் ஒன்றையும், இரண்டு வருடத்துக்கு முன் ஊரில் நான் எடுத்த வீடியோ ஒன்றையும் திரையில் போட்டிருக்கிறாள். வீடியோவில் என் குரல் கேட்கும்: "பாருங்க, நம்ம காடு எப்படிப் பச்சப்பசேல்னு ஆயிப்போச்சு. காத்துல இருக்கற வாயு செடிக்கு உரமாட்டம்." இந்தியாவிலிருந்து ஒரு நல்ல செய்தி என்று இவள் அதை மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் கைதட்டினார்களாம். ஆசிரியை மட்டும் ஒன்று கேட்டிருக்கிறார்.

"அம்மா, டீச்சர் கேட்டாங்க. அந்த மாடு எங்க நின்னு சாப்பிடும்? எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். திரை முழுக்க இடுப்புயர முள்மரக் கன்றுகள். ஓரத்தில் வேலியை ஒட்டி ஒரு மாடு, உள்ளே நுழைய வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அந்த வீடியோவை இரண்டு வருடமாக எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். மாட்டை நான் பார்த்ததே இல்லை.

இரண்டாவது காரணம் அதற்கு மறுநாள் வந்தது. அக்கா போன் பண்ணினாள்.

"பாப்பா, காட்டக் குடுத்துப்போடலாம்னு இருக்கறேன். சோலார்க்காரங்க கேக்கறாங்க. உன்ற கையெழுத்தும் வேணுமாம்."

2

எங்கள் பக்கம் காடு என்றால் யானையும் புலியும் இருக்கிற வனமில்லை. மானாவாரி நிலத்துக்கே காடு என்றுதான் பெயர். அதில் கொறங்காடு என்பது தனி ரகம். காங்கேயத்திலிருந்து தாராபுரம், மூலனூர் வரை பார்க்கலாம். மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். சுற்றிக் கிளுவைச் செடி வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேலான் மரம். வெள்வேலான் முள்மரந்தான், ஆனால் நல்ல மரம். வெயிலுக்கு நிழல் தரும், கோடையில் அதன் காயை ஆடுமாடு பொறுக்கித் தின்னும். கிணறு, மோட்டார் எதுவும் வேண்டாம். இரண்டு மழை பெய்தால் புல் எழுந்துகொள்ளும்.

எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கொறங்காட்டில் கூலி வேலை செய்தவர்கள். வேலி அடைப்பது, முள்கன்று பிடுங்குவது, சாணி பொறுக்குவது என்று அந்தக் காடுகளின் ஒவ்வொரு மூலையும் தெரியும், ஒரு சாண் கூடச் சொந்தமில்லை. மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியதால் பெயர்தான் மாறியது. அப்பா அறுபது வயதுக்கு மேல் எப்படியோ நாலு ஏக்கர் கொறங்காட்டை வாங்கினார். மகன் இல்லாத வீடு. அக்கா லூர்துமேரி பேரிலும் என் பேரிலும் சேர்த்து எழுதினார். பத்திரம் முடிந்த அன்று வேலியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மாதான் அம்மணி" என்றார்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா புருஷனும் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அவள் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமை வருவான். இரண்டு காங்கேயம் மாடு, பதினைந்து செம்மறி, நாலு ஏக்கர் காடு, அக்கா. அவ்வளவுதான் அங்கே எங்களுக்கு மிச்சம்.

3

இங்கே நான் வேலை பார்ப்பது தக்காளி வளர்க்கும் பசுமைக்குடிலில். குடில் என்று சொன்னால் தவறாக நினைத்துக்கொள்வீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடிக் கூரை. அதன் கீழே கயிற்றில் ஏறி நிற்கும் தக்காளிக் கொடிகள், வரிசை வரிசையாக. கொடிகளின் காலடியில் பொத்தல் போட்ட பிளாஸ்டிக் குழாய் ஓடும். அதில் வருவது தண்ணீரல்ல. கரியமில வாயு.

வந்த புதிதில் நான் நம்பவில்லை. ஊர் உலகமே கூடாது என்று கத்துகிற வாயுவை இவர்கள் குழாய் போட்டு உள்ளே விடுகிறார்கள். துறைமுகப் பக்கத் தொழிற்சாலைகளின் புகையிலிருந்து பிரித்துக் கொண்டுவருவார்களாம். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நானூற்றுச் சொச்சம் பங்கு என்றால், கண்ணாடிக்குள் அதைப்போல் இரண்டு மடங்கு வைத்திருப்பார்கள். செடி அதை வைத்துத்தான் மாவுச்சத்து செய்கிறது. வாயு கூடினால் வேகமாகச் செய்கிறது. இலையிலுள்ள நுண்துளைகளை அகலத் திறந்து வைக்க வேண்டியதில்லை என்பதால் தண்ணீரும் குறைவாகச் செலவாகிறது. கண்காணி பீட்டர், "செடிக்கு இது காலை உணவு" என்பார். பத்து வருடமாக நானும் புதிதாக வருகிறவர்களிடம் அதையே சொல்கிறேன்.

என் வேலை என்னவென்றால், வாரம் தவறாமல் பக்கக் கிளைகளைக் கிள்ளுவது. வாயு ஊட்டிய கொடி சும்மா இருக்காது. இலையிடுக்கில் எல்லாம் புதுக்கிளை விடும். விட்டால் பத்தே நாளில் புதராகிவிடும், பழம் சிறுத்துவிடும். அதனால் வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வண்டியில் நின்றபடியே கிள்ளிக்கொண்டே போவேன். விரல் நகமெல்லாம் பச்சையும் கறுப்புமாக இருக்கும். அந்தக் கறை எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாது. கோயிலில் பூசையின்போது நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டும்போது கூச்சமாக இருக்கும்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம், என் அறிவீனம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

4

இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் மூவரும் ஊருக்குப் போனோம். அது மழைக்காலம். ஏஞ்சல் காட்டில் இறங்கியதும், "பெரியம்மா, நீ தினமும் இங்க வருவியா?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் நாலு வயதுக் குழந்தை கூடப் பெரியவர்களை "ங்க" போட்டுத்தான் பேசும். நான் திருத்தப் போனேன். அக்கா சிரித்துவிட்டு, "உடு பாப்பா, அவ ஊர்ல அப்படித்தான் பேசுவாங்களாட்ட இருக்குது" என்றாள்.

காட்டைப் பார்த்து எனக்கும் ஆச்சரியந்தான். நான் விட்டுப் போனபோது புல்வெளியாக இருந்தது. இப்போது எங்கு பார்த்தாலும் வெள்வேலான் கன்று. மழை ஈரத்தில் வேர் இளகி இருக்கும்போதே கன்றுகளைப் பிடுங்கி, மரத்துக்கு மரம் இடைவெளி விடுவது வழக்கம். அந்த வேலையைச் செய்து இரண்டு மழை ஆகிவிட்டது போலத் தெரிந்தது. மூலனூர்க்காரர் ஒருவரை வைத்துப் பிடுங்கலாமா என்று பார்ப்பதாக அக்கா சொன்னாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"எதுக்குங்க்கா புடுங்கறீங்க? நல்ல மரந்தானே. இப்பக் காத்துல வாயு சாஸ்தி ஆயிருச்சுங்க்கா, அதான் இப்படி வளருது. நாங்க அங்க காசு குடுத்துக் குழாய்ல உடறோம். இங்க சும்மா கெடைக்குது. உடுங்க, வளரட்டும். காடு பச்சையா இருந்தா மழையும் வரும்."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். "அப்படீங்கறயா?" என்றாள்.

"ஆமாங்க்கா. அங்க எல்லாருமே மரம் வெட்டக் கூடாதுன்னுதான் சொல்றாங்க."

வாரம் தவறாமல் கிளை கிள்ளுகிற நான்தான் இதைச் சொன்னேன். இங்கே வாயு விட்டால், கூடவே சொட்டுக் குழாயில் தண்ணீரும் தழைச்சத்தும் அளந்து விடுகிறோம். நான் வேண்டாததை எடுத்துப் போடுகிறேன். வாயு மட்டும் போதுமென்றால் என்னை எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறார்கள்? அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டிலிருந்து போயிருந்தேன். ஏதாவது புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

5

அக்கா போன் வந்த பிறகு நான் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை, சரியாகப் பேசவில்லை. கைபேசியில் படித்துக்கொண்டே இருந்தேன். வேலைக்குப் போகிற பேருந்தில், இடைவேளையில், சாம்பார் கொதிக்கும்போது எல்லாம்.

படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். எல்லாச் செடியும் இந்த வாயுவை ஒரே மாதிரி வாங்கிக்கொள்வதில்லை. சோளம், கரும்பு, எங்கள் கொழுக்கட்டைப் புல் போன்றவை வெயில் நாட்டுப் புல் வகை. வாயு குறைவாக இருந்தாலும் அதை உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும் வித்தை அவற்றுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் வெளியே கூடினாலும் அவற்றுக்குப் பெரிய லாபமில்லை. மரங்களுக்கு அந்த வித்தை தெரியாது. அவற்றுக்குத்தான் இப்போது யோகம். கன்று வேகமாக எழும்புகிறது, வேர் ஆழமாகப் போகிறது, வறட்சியைத் தாங்குகிறது. இரண்டும் சமமாக நின்ற இடத்தில் மரத்தின் கை ஓங்குகிறது. உலகத்தில் பல புல்வெளிகள் இப்படி முள்காடாகி வருகின்றனவாம், அதில் இந்த வாயுவுக்கும் பங்கிருக்கிறது என்கிறார்கள்.

இன்னொன்றும் படித்தேன். நெல், கோதுமை போன்ற பயிர்களை அதிக வாயுவில் வளர்த்துப் பார்த்தால் விளைச்சல் கூடுகிறது, தானியத்தில் புரதம் குறைகிறது. அளவு கூடிச் சத்து நீர்த்துப்போகிறது. எங்கள் கொழுக்கட்டைப் புல்லை யாராவது அளந்திருக்கிறார்களா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அக்காவின் மாடு இரண்டு வருடமாகச் சினை பிடிக்கவில்லை. "வவுறு நெறையத் திங்குது, எலும்பு தெரியுது" என்றாள். கால்நடை டாக்டரம்மா புண்ணாக்கு வைக்கச் சொன்னாராம். அதற்குக் காரணம் புல் இல்லாததா, புல்லில் சத்து இல்லாததா, மழை தவறி வருவதா என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் பிடுங்க வேண்டாம் என்று சொன்னது யார் என்பதில் சந்தேகமில்லை.

காட்டை விற்கக் கூடாது என்று மட்டும் உறுதியாக இருந்தேன். அப்பா சுற்றி நடந்த காடு. நம் ஆட்களில் யாருக்கு அங்கே நிலம் இருக்கிறது? என்னால் கெட்டது, நானே சரி செய்துவிட்டால் அக்கா மனம் மாறிவிடுவாள் என்று நம்பினேன்.

சோலார்க்காரர்கள் காட்டைக் கேட்பதை ஏஞ்சலிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. "சோலாரா? அது நல்லதுதானே அம்மா. அப்பதான் வாயு குறையும்." காட்டை ஏன் விற்கக் கூடாது என்று அவளுக்கு விளக்க வேண்டும். டச்சு மொழியில் எனக்குத் தக்காளி பற்றிப் பேச வரும், பேருந்து தாமதம் பற்றிப் பேச வரும். அவளுக்கோ தமிழில் அதற்கு மேல் வராது. அவள் சொன்னது தவறும் இல்லை. நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அக்கா பவர் பத்திரம் அனுப்பச் சொன்னாள். அதற்குத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும். அக்காவிடம் மாட்டேன் என்று சொல்லத் துணிவில்லாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு ரயிலில் போனேன். கவுண்டரில் இருந்த பெண் தாள்களைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "நிலப் பத்திரத்தில் ப. சகாயமேரி என்று இருக்கிறது, கடவுச்சீட்டில் மேரி சகாயம் ஜோசப் என்று இருக்கிறது, இரண்டும் நீங்கள்தானா?" என்று கேட்டார். நான்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவசரத்தில் கடவுச்சீட்டு எடுத்தபோது நானே அப்படி எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஒருவரே என்று ஊரில் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வர வேண்டும் என்றார். அதற்கு நான் நேரில் நிற்க வேண்டும்.

வெளியே வந்து ரயில் நிலையம் வரை நடந்தேன். மனதுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. தாமதமாகட்டும் என்றுதான் நினைத்தேன். அக்காவிடம் போனில், "ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்கங்க்கா" என்று என் தவறை அவர்கள் தலையில் போட்டுச் சொன்னேன்.

"சரி, நேர்லயே வந்துரு. தக்காளி முடிஞ்சாத் தானே உனக்கு லீவு? கார்த்திகைல வா" என்றாள்.

6

நவம்பர் கடைசியில் பழைய கொடிகளை வேரோடு எடுத்துவிட்டு, கண்ணாடிக் கூடத்தைக் கழுவிப் புதுச்செடி வைப்பதற்கு இடையில் எங்களுக்கு விடுப்பு. நான் மட்டும் கோவைக்கு விமானம் ஏறினேன். சூலூர், பல்லடம் தாண்டித் தாராபுரம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. போன முறை வந்தபோது பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட கண்ணுக்கு இப்போது எல்லாமே குற்றமாகத் தெரிந்தது. சாலையோரம் பார்த்தீனியம் பூத்துக் கிடந்தது. தென்னைக்கு நடுவில் உன்னிச்செடி. எந்தக் களை எவ்வளவு வாயுவை வாரிக் குடித்து வளர்கிறது என்றே யோசித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மா, "ஏனுங்க, ஒடம்பு செரியில்லீங்களா?" என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்.

எங்கள் காட்டுக்கு முந்தின நாலு காடும் சோலார் பலகைகளாகி இருந்தன. கிளுவை வேலி இருந்த இடத்தில் கம்பி வேலி. எங்கள் வேலி மட்டும் பழையபடி நின்றது. உள்ளே கன்றுகள் என் தலைக்கு மேல் போயிருந்தன. நடுவில் ஒரு ஒற்றையடித் தடம். அக்கா மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தடத்தில்தான் போய்வருகிறாள்.

மறுநாள் காலையில் நான் கடப்பாறையை எடுத்துக்கொண்டேன். அக்கா நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கோலை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். வெள்வேலான் பிடுங்குவது இரண்டு பேர் வேலை. ஒருத்தி கவைக்கோலால் முள்கிளையைச் சாய்த்து மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருத்தி குனிந்து வேரில் கடப்பாறை போட வேண்டும். பிடிக்கிறவள் அசந்தால் குனிந்தவள் முகத்தில் முள் அடிக்கும். பத்து வயதிலிருந்து நாங்கள் இருவரும் அடுத்தவர் காடுகளில் அப்படித்தான் கூலிக்குப் போனோம். அக்கா பிடிப்பாள், நான் குத்துவேன். இருபது வருடம் கழித்தும் கை அதைத் தானாகச் செய்தது.

நான்காம் கன்றிலோ ஐந்தாம் கன்றிலோ நான் நிறுத்தினேன். ஒரு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"அக்கா, நான் சொன்னது தப்புங்க்கா. புடுங்க வேண்டாம்னு சொன்னேன்ல. புல்லுக்கு அந்த வாயு ஒண்ணும் பண்ணாது, மரத்துக்குத்தான் பண்ணும். அரைகுறையாத் தெரிஞ்சுட்டுப் பேசிப்போட்டேன். காடு கெட்டதே என்னாலதாங்க்கா."

அக்கா கோலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நீ சொன்னேன்னு உட்டுப்போட்டேன்னு நெனச்சுட்டு இருக்கறயா கண்ணு?"

"பின்ன?"

"மாமா போனதுக்கப்பறம் எனக்கு ஆரு கோல் புடிக்கறது? மொத வருசம் தனியாத்தான் புடுங்கிப் பாத்தேன். முள்ளு கண்ணோரத்துல குத்திப்போட்டுது. பத்து நாளு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். உன்றகிட்டச் சொல்லல. ஆள் கூப்புட்டா ஆரும் வாரதில்ல. நம்ம சனம் பூரா வேன் ஏறித் திருப்பூருக்குப் போயிருது. ஜேசிபி உட்டா புல்லுக் கெழங்கும் சேந்து போயிரும். அப்பறம் நீ வந்து காத்து, வாயு, உரம்னு என்னென்னமோ சொன்னயா, அது எனக்குச் சௌரியமாப் போச்சு. ஏன் புடுங்கலைன்னு ஆராச்சும் கேட்டா, வெளிநாட்டுல இருக்கற என்ற தங்கச்சி வேண்டாம்னு சொல்லீட்டான்னு சொல்லுவேன். முடியலைன்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துது."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், உண்மையிலேயே ஏமாற்றம். குற்றத்தைச் சுமக்கத் தயாராகி, படித்து, அழுது, ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். அந்தக் குற்றம் அளவானது. தவறாகச் சொன்னேன், மன்னியுங்கள் என்று முடித்துவிடலாம். அக்கா அதை வாங்கி வைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தாள். காற்று எப்படி மாறினாலும் வேரில் குனிய ஒருத்தியும் கோல் பிடிக்க ஒருத்தியும் அங்கே இருந்திருந்தால் காடு காடாக இருந்திருக்கும். அந்த இடத்தில் நான் இல்லை.

பதினோரு நாள் பிடுங்கினோம். வேலியோரமாக ஒரு பட்டை அளவு நிலம் வெளியே வந்தது. மாட்டை அதில் விட்டோம். புல் அங்கங்கே மட்டும் இருந்தது, மாடு முகர்ந்து முகர்ந்து நடந்தது. முதல் நாள் பிடுங்கிய இடத்தை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஈர மண்ணில் நகத்தளவு புதுக் கன்றுகள் வரிசையாகத் தலைநீட்டி இருந்தன. அவற்றுக்கு என்ன, காற்றில் சாப்பாடு கூடிக்கொண்டே இருக்கிறது. முன்னெல்லாம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிடுங்கினால் போதும். இனி வருடா வருடம் வேண்டியிருக்கும்.

"வருசா வருசம் வருவயா?" என்று அக்கா கேட்டாள். என்னைப் பார்க்காமல், கோலைச் சாய்த்தபடியே கேட்டாள்.

"வாரேங்க்கா."

நாலு கன்று பிடுங்கிய பிறகு சொன்னாள்.

"வராட்டிப் போவுது. வாரேன்னு மட்டும் சொல்லாத பாப்பா. அத நம்பீட்டு நான் மாட்டக் கட்டிட்டு உக்காந்திருக்கோணும்."

என் விடுப்பை யோசித்தேன். ஏஞ்சலின் பள்ளியை, ஜோசப்பின் முதுகுவலியை, அடுத்த நவம்பரையும் அதற்கடுத்த நவம்பரையும் யோசித்தேன். காடு வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் நான். அந்த ஆசைக்குக் கண்ணோரத்தில் முள் வாங்குகிறவள் அக்கா. அன்று சாயங்காலம், "செரிங்க்கா, குடுத்தரலாம்" என்றேன். அவள் கோலை வேலியில் சாத்திவிட்டுக் கை கழுவப் போனாள்.

7

என் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளோடு பதிவு அலுவலகம் போனோம். போட்டோ எடுத்தார்கள், விரல் ரேகை வைத்தோம். என் கட்டைவிரல் ரேகை முதலில் பதியவில்லை. தக்காளிக் கறையும் முள் கீறலும் சேர்ந்து தோல் தடித்திருந்தது. துடைத்துத் துடைத்து நாலாம் முறை வைத்தபோது பதிந்தது. அக்காவுக்கு முதல் தடவையே பதிந்துவிட்டது. வாங்குகிறவர்கள் சார்பில் வந்திருந்த தம்பி மரியாதையாக நாற்காலி போட்டு, "உக்காருங்கம்மா" என்றான். எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது.

எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள்.

"மாடுங்கள என்னங்க்கா பண்ணப்போறீங்க?"

"பெரியதும் செம்மறியும் சந்தைக்கு. சின்னதக் கோயிலுக்கு உட்டரலாம்னு இருக்கறேன். அப்பறம் திருப்பூருக்குப் பையனோட போயர்றேன். அவங்க கம்பெனியில பனியன்ல நூல் பிசிர் வெட்டற வேல இருக்குதாமா. உக்காந்த எடத்துல செய்யறது."

"புது எடம். பழக நாளாகுங்க்கா."

"ஆவட்டும்" என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, முள் குத்திய இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"இனி நானும் உன்னாட்டந்தான் பாப்பா. ஊரு எதுன்னு கேட்டாப் பேர் சொல்லலாம். போய் நிக்கறதுக்கு அங்க ஒண்ணுமில்ல."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இத்தனை வருடம் நான் தனியாக இருந்த இடத்துக்குத் துணையாக வந்துவிட்டது போலச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.